கயிற்றின் கடைசி ஆள்

உமாபதிக்குத் தன் சகலையைப் பிடிக்காது. அதற்குப் பெரிய காரணம் ஏதும் தேவைப்படவில்லை. தேவதாஸ் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை பார்த்தான். உமாபதி வேலை செய்யும் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் கையில் பலகாரப் பெட்டியோடு வந்தான். போதாததற்கு எல்லாரிடமும் சிரித்துப் பேசினான். மாமியார் வீட்டில் அவன் தட்டில் கோழித்தொடை விழுவதாகவும் தன் தட்டில் கழுத்து மட்டும் விழுவதாகவும் உமாபதி உறுதியாக நம்பினான். மாமியார் கண்ணை மூடிக்கொண்டுதான் பரிமாறுவாள் என்று யார் சொன்னாலும் அவன் கேட்கத் தயாராக இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தோட்டங்களில் கயிறு இழுக்கும் போட்டி என்றால் உமாபதிதான் கடைசி ஆள். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றி, குதிகாலை மண்ணில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றுவிட்டான் என்றால், முன்னால் நிற்கிற அத்தனை பேரும் வழுக்கி விழுந்தாலும் அவன் நகரமாட்டான். அமராவதி அவனைப் பார்த்ததே அப்படி ஒரு தொழிலாளர் தினத்தில்தான். மைதானத்து ஓரத்தில் நின்று கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். அந்தச் சத்தத்தில் மயங்கித்தான் இவன் பெண் கேட்டுப் போனான். கல்யாணத்துக்குப் பிறகும் வருஷா வருஷம் தட்டினாள். பிறகு தோட்டத்தில் பெரிய துரை மாறினார், விளையாட்டுப் போட்டியெல்லாம் நின்றது. அதோடு அவள் கைத்தட்டலும் நின்றுபோனது. டிராக்டர் ஓட்டுகிறவனைப் பார்த்து யார் கை தட்டுவார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் லிம் தவுக்கே என்ற சீன முதலாளி ஒரு பலகையைக் கொண்டு வந்தார்.

லிம் ஊரில் லோரி வைத்துத் தொழில் செய்கிறவர். தோட்டத்துக்குப் பின்னால், ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட பெரிய குட்டையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மோட்டார் போட் விடுவார். போட்டைத் தண்ணீரில் இறக்கவும் கரையேற்றவும் உமாபதியின் டிராக்டர் வேண்டும். ஆஸ்திரேலியாவில் படிக்கும் அவர் மகன் விடுமுறைக்கு வந்தபோது அந்தப் பலகையைக் கொண்டு வந்து போட்டுவிட்டுப் போயிருந்தான். சலவைத் துணி தேய்க்கிற மேசை அளவு இருக்கும். கால் நுழைக்க இரண்டு பட்டைகள். போட்டிலிருந்து ஒரு நீளக் கயிறு, கயிற்றின் முனையில் கட்டைப் பிடி. போட் ஓட ஓட, பிடியைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

"நீ கயிறு சாம்பியன் தானே? ஏறிப் பாரு லா," என்றார் லிம், பேச்சோடு பேச்சாக 'லா' போடும் தன் வழக்கப்படி.

கயிறு என்ற சொல் காதில் விழுந்ததும் உமாபதிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அமராவதியைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தான். அவன் கெட்ட நேரம், அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் மைத்துனி சந்திரிகாவும் தேவதாசும் வந்து இறங்கினார்கள். சோற்றுச் சட்டியும் பாயுமாக எல்லாரும் குட்டைக்குக் கிளம்பினார்கள்.

லிம்மிடம் ஒரு சட்டம் உண்டு. குட்டைக்குள் பழைய மரக்கட்டைகள் நிற்பதால் போட் ஓட்டுகிற அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். மோட்டார் சத்தத்தில் தண்ணீரில் கிடக்கிறவன் கத்தினாலும் கேட்காது. ஆகவே ஓர் ஆள் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். கயிற்றைப் பிடித்தவன் விழுந்த உடனே கையைத் தூக்கி, "ஆள் விழுந்தாச்சு!" என்று கத்த வேண்டும். லிம் போட்டைத் திருப்புவார். அன்றைக்கு அந்த இடத்தில் அவருடைய லோரி ஆள் செல்லன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தொண்டை வலிக்கும் அளவுக்கு வேலை கொடுத்தான் உமாபதி.

போட் கிளம்பும், கயிறு விறைக்கும். விறைத்த கயிற்றைக் கண்டதும் உமாபதியின் உடம்பு தன் பழைய வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். குதிகால் அழுந்தும், முதுகு சாயும், கை வெடுக்கென்று கயிற்றை நெஞ்சுக்கு இழுக்கும். எதிர்த் தோட்டத்து ஆட்களை இழுத்துப் போட்ட இழுப்பு அது. மோட்டார் போட் என்ன எதிர்த் தோட்டமா? பலகை குப்புறக் கவிழ, மூக்கில் தண்ணீர் ஏற, செல்லன் கத்துவான்.

"நீ இழுக்காதே லா! போட் இழுக்கும், நீ சும்மா இரு!" என்று லிம் தலையில் அடித்துக்கொண்டார்.

சும்மா இருப்பது எப்படி என்றுதான் உமாபதிக்குத் தெரியவில்லை. கடைசி ஆள் சும்மா இருந்தால் கோஷ்டியே போய்விடும் என்று பழகியவன் அவன். கண்ணெல்லாம் சிவந்து கரையேறி வந்தபோது அமராவதி துண்டை நீட்டினாள். "பரவால்லங்க, வயசாயிடுச்சில்ல," என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

"நானும் ஒருவாட்டி பாக்கட்டுமா அண்ணே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான் தேவதாஸ். நீச்சலே தெரியாத ஆள். கயிறு இழுக்கும் போட்டியில் யாரும் அவனைச் சேர்த்துக்கொண்டதே இல்லை. முதல் தடவை விழுந்தான். இரண்டாம் தடவை, கயிறு இழுத்த இழுப்புக்கெல்லாம் கையை நீட்டிக்கொடுத்து, முழங்காலை மடக்கி, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக அப்படியே எழுந்து நின்றுவிட்டான். பலகை வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் தண்ணீர் பிளந்தது.

கரையில் ஒரு கைத்தட்டல் கேட்டது. உமாபதி திரும்பிப் பார்க்காமலே அது யாருடையது என்று தெரிந்துகொண்டான். சந்திரிகா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். தட்டியது அமராவதி.

அன்றிலிருந்து அவனுக்கு வயிறு எரிந்தது. எரிச்சலில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, லயத்து வீடுகளின் குழாயடியில் அமராவதி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "நம்ம தேவதாஸ் தம்பி தண்ணி மேல நின்னுக்கிட்டே போகுதுக்கா! என்னா அழகு தெரியுமா?" உமாபதி உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடித்தான். 'நம்ம' தேவதாஸ் தம்பியாம். இவள் என்றைக்காவது 'நம்ம வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறார், என்ன அழகு' என்று சொல்லியிருக்கிறாளா?

அவனுக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் பார்க்க ஒரு தடவை அந்தப் பலகையில் நிற்க வேண்டும். அவள் இவனுக்காக ஒரு தடவை கை தட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் சொல்லாமல் குட்டைக்குப் போய் விழுந்தான். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. இரவில் படுத்தால் கனவில்கூட விழுந்தான். ஒரு நாள்கூட நிற்கவில்லை.

தேவதாசும் சந்திரிகாவும் மறுபடி வந்த அன்று செல்லனுக்குக் காய்ச்சல். லிம் உமாபதியைப் பார்த்து, "இன்னிக்கு நீ பின்னால உக்காரு," என்றார். நிற்கத்தான் முடியவில்லை, நிற்கிறவனை உட்கார்ந்து பார்க்கிற உத்தியோகம் கிடைத்தது என்று உமாபதி மனதுக்குள் கறுவிக்கொண்டு ஏறினான். மிதவைச் சட்டையின் கொக்கி உடைந்திருந்ததால் லிம் அதை ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். உமாபதிக்கு இறுக்கிப் பிடிக்கும் அந்த ஆரஞ்சு நிறச் சட்டை ஒல்லியான தேவதாசுக்குத் தொளதொளவென்று தொங்கியது. உமாபதி அதைக் கவனித்தான். இறுக்கிக் கட்டு என்று சொல்லத் தோன்றவில்லை.

தேவதாஸ் எடுத்த எடுப்பில் எழுந்தான். முன்னைவிடத் தைரியம் வந்திருந்தது. போட்டின் பின்னால் எழும் அலையின்மேல் ஏறி இறங்கினான். கரைப்பக்கம் வந்தபோது ஒரு கையை விட்டுவிட்டு டாட்டா காட்டினான். அமராவதி குதித்துக் குதித்துத் தட்டினாள். மோட்டார் சத்தத்தில் அது கேட்கவில்லை. ஆனால் உமாபதிக்கு ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுந்தது. விழுந்து தொலையேண்டா என்று வாய்க்குள் சொன்னான்.

அந்த நொடியே பலகை எதிலோ தட்டியது. தேவதாஸ் முகம் குப்புற விழுந்தான். கயிற்றின் பிடி மட்டும் தண்ணீரில் துள்ளித் துள்ளிப் போட்டைத் தொடர்ந்து வந்தது.

உமாபதி பார்த்துக்கொண்டிருந்தான். கையைத் தூக்க வேண்டும், கத்த வேண்டும். தூக்கவில்லை, கத்தவும் இல்லை. நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ பரவியது. கொஞ்சம் கிடக்கட்டும், கொஞ்சம் தண்ணீர் குடிக்கட்டும் என்று இருந்தது. லிம் முன்னால் பார்த்தபடி ஓட்டிக்கொண்டே போனார். போட் தூரமாகிக்கொண்டே போனது. அந்த இனிப்பை இன்னும் கொஞ்சம் வைத்திருந்தான் உமாபதி.

பிறகு ஆரஞ்சுச் சட்டை மேலே வந்தது. சட்டைதான் வந்தது. அதற்குள் ஆள் இல்லை.

"ஆள் விழுந்தாச்சு!" என்று கத்தியபோது அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. போட் வளைந்து திரும்பியது. சட்டைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. உமாபதி கயிற்றை வாரி வீசினான். "புடிடா! புடிச்சுக்கடா தம்பி!" பிடி அந்தக் கையில் சிக்கியது. போட்டின் விளிம்பில் காலை ஊன்றி, முதுகைச் சாய்த்து, வாழ்நாளில் எந்தத் தோட்டத்தையும் இழுக்காத இழுப்பு இழுத்தான். கொப்பளங்கள் கிழிந்து கயிறு சிவந்தது. தேவதாசின் தலைமயிரைப் பற்றி, உடுத்திருந்த சட்டையின் காலரைப் பற்றி, மூட்டை மாதிரி உள்ளே போட்டான்.

லிம் மோட்டாரை நிறுத்தியிருந்ததால் கரையிலிருந்து சத்தம் கேட்டது. அமராவதி தட்டிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே, தலைக்குமேல் கையைத் தூக்கித் தட்டினாள். தொழிலாளர் தினத்தில் தட்டியதைவிடப் பலமாகத் தட்டினாள்.

போட் கரையில் ஒதுங்கியதும் சந்திரிகா ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க மட்டும் இல்லன்னா..." நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கத்தவில்லை என்று சொல்ல உமாபதி வாயைத் திறந்தான். பிறகு கையை உருவிக்கொண்டு, கிடந்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

தேவதாஸ் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினான். பிறகு அவனுக்கே உரிய அந்தச் சிரிப்பைச் சிரித்தான். "நீங்க பின்னால பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னுதான்ணே தைரியமா கைய விட்டேன். வேற ஆளா இருந்தா விட்டிருப்பனா?"

சுடச்சுடத் தேநீர் குடித்து, எல்லாருக்கும் நடுக்கம் அடங்கிய பிறகு, தேவதாஸ் அடம்பிடிக்க ஆரம்பித்தான். "அண்ணன் இன்னிக்கு ஏறவே இல்லியே. ஏறுங்கண்ணே. நான் பின்னால உக்காந்து பாத்துக்கிறேன்." உமாபதி வேண்டாம் என்றான், கை வலிக்கிறது என்றான். "எனக்காக ஒரே ஒருவாட்டிங்க," என்றாள் அமராவதி. அவள் அப்படிக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. லிம் தன்னுடைய நல்ல மிதவைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

போட் கிளம்பியது. கயிறு விறைத்தது. உமாபதியின் கையில் இழுக்கத் தெம்பில்லை, மனதில் அதுவும் இல்லை. கயிறு போன பக்கம் கை போனது, கை போன பக்கம் உடம்பு போனது. என்ன நடந்தது என்று புரிவதற்குள் அவன் நின்றுகொண்டிருந்தான். காலுக்கடியில் தண்ணீர் சறுக்கிக்கொண்டு ஓடியது.

கரையில் அமராவதி குதித்துக் குதித்துத் தட்டிக்கொண்டிருப்பாள். இதற்காகத்தானே இத்தனை நாள் விழுந்தான்? ஆனால் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப அவனால் முடியவில்லை. எதிரே போட்டில் தேவதாஸ் உட்கார்ந்திருந்தான். ஈரத்தலை, நீலம் பாய்ந்த உதடு, தோளில் சந்திரிகாவின் துண்டு. இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, இமைகூடக் கொட்டாமல் உமாபதியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை உமாபதியால் தாங்க முடியவில்லை. கண்ணைத் தாழ்த்திப் பார்த்தான், கயிறுதான் தெரிந்தது. வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கயிற்றை விட்டறியாதவன், தானாகவே விரல்களைப் பிரித்தான்.

தண்ணீர் அவன் தலைக்குமேல் மூடுவதற்கு முன்பே கேட்டது, அடிவயிற்றிலிருந்து வந்த அந்தக் குரல்: "ஆள் விழுந்தாச்சு! எங்கண்ணன் விழுந்துட்டாரு, திருப்பு லா!"