படகில் எடுத்த அட்டென்டன்ஸ்

அப்பா முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளியின் ஹாலில்தான் அவருடைய இரங்கல் கூட்டம் நடந்தது. பேச வந்தவர்களில் பாதிப் பேர் படகுக்காரர்கள். ரிட்டயர் ஆன பிறகு அவர் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு, ஞாயிறு தவறாமல் கடலுக்குப் போனார்.

"எங்க சார் மாதிரி சிரிக்கச் சிரிக்கப் பேசுற மனுஷனை நான் பாத்ததே இல்லை" என்று ஒருவர் மைக்கில் கண்ணைத் துடைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் அந்த மனுஷன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

கூட்டம் முடிந்ததும், அவரோடு படகில் போகும் மெக்கானிக் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "படகுலயும் சார் அட்டென்டன்ஸ் எடுப்பாரும்மா. முதல் பேரே உங்களுதுதான்."

பிரித்துப் பார்த்தேன். ஆமாம், நான்தான் முதல். ஆறு வருஷமாக, வாராவாரம், என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஆப்சென்ட்.

"பொண்ணு வரமாட்டேங்குதேன்னு ரொம்ப வருத்தப்படுவாரு. ஒரு தடவையாவது வந்திருக்கலாமேம்மா."

"வான்னு ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கலாமே, அண்ணே."

நான் ஒரு தேதியைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினேன். நான் பிரசவ வலியில் துடிக்க, ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அம்மா அவருக்குப் போன் மேல் போன் போட்ட ஞாயிற்றுக்கிழமை அது.

அன்றைக்கும் படகு போயிருக்கிறது. அன்றைக்கும் எனக்குத்தான் ஆப்சென்ட்.