முதல் கப்

எங்கள் துறையின் காப்பி மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. காலையில் முதல் கப் வெதுவெதுவென்று, வாயில் வைக்க விளங்காமல்தான் வரும். குழாய் சூடாக யாராவது ஒருவர் அதைக் குடித்துத் தொலைக்க வேண்டும். இரண்டாவது கப்பில் ஆவி பறக்கும். இது தெரியாத ஆள் துறையில் கிடையாது. அந்த மெஷின் முன்னால் மட்டும் பெண்களுக்கு அவ்வளவு மரியாதை கிடைப்பது அதனால்தான்.

"லேடீஸ் ஃபர்ஸ்ட். நீங்க எடுத்துக்குங்க மேடம்."

இதை அதிகம் சொன்னவர், துறையில் நாங்கள் 'மாப்பிள்ளை' என்று பட்டப்பெயர் வைத்திருந்த சக ஆசிரியர். எந்த வெயிலிலும் கோட்டுதான், யாரோ மாலையோடு வந்துகொண்டிருப்பது போல ஒரு சிரிப்புதான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ரகம். நானும் அவரும் பெரிய சாரிடம் சேர்ந்து டாக்டர் பட்டத்துக்குப் படித்தவர்கள். நான் இரவு பகலாக உட்கார்ந்து எழுதிய கட்டுரைகளில் அவர் பெயரும் இருக்கும். அவர் எழுதியவற்றில் என் பெயர், கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்கிற இடத்தில் இருக்கும்.

நான் செய்வது டேட்டாபேஸ் ஆராய்ச்சி. கோடிக்கணக்கான பதிவுகளுக்குள் ஒரு கேள்வியைப் போட்டால், எந்த வழியாகப் போய்த் தேடினால் சீக்கிரம் பதில் வரும் என்று மெஷினுக்கு வழி சொல்லிக் கொடுக்கிற வேலை. என் நாத்தனாருக்கு இதை விளக்கி விளக்கி அலுத்துவிட்டேன்.

"அண்ணி, பேரு, அட்ரஸெல்லாம் அடிச்சு ஏத்துறதுதானே? எங்க ஆபீஸ்ல அதுக்கு ஒரு சின்னப் பொண்ணு இருக்கா. சமத்து."

அவளை மன்னித்துவிடலாம். படித்த பேர்வழிகளைத்தான் மன்னிக்க முடியவில்லை. பேராசிரியர் பதவிக்கு இரண்டு தடவை போய்த் திரும்பினேன். முதல் தடவை, "குழந்தை சின்னதா இருக்கே, சமாளிப்பீங்களா?" என்றார்கள். அடுத்த தடவை, "பையன் பரீட்சை வருஷமாச்சே?" என்றார்கள். என் பையனைப் பற்றி என்னைவிட அவர்களுக்குக் கவலை அதிகம். இது மூன்றாவது தடவை. இதற்குமேல் போக வயது வரம்பு விடாது. கிடைக்கவில்லை என்றால், மாப்பிள்ளைக்குக் கீழே கைகட்டி நின்று ஓய்வு பெற வேண்டியதுதான். காலியிடம் ஒன்று, போட்டியில் நாங்கள் இரண்டு பேர்.

தேர்வுக் குழுவின் தலைவர் கான்கிரீட்டில் நிபுணர். கான்கிரீட்டைப் பற்றிப் பேசும்போது நன்றாகத்தான் பேசுவார்.

"பேப்பர்ல யார் வேணா என்ன வேணா எழுதலாம். எங்க துறையில கட்டியைக் கண்ணு முன்னாடி வெச்சு நசுக்கிக் காட்டுவோம். நீங்களும் ஓட்டிக் காட்டுங்க" என்றுவிட்டார். ஒரே சர்வர், ஒரே டேட்டா, ஒரே கேள்வி. அவரவர் முறையில் தேடிக் காட்ட வேண்டும். யாருடையது சீக்கிரம் முடிகிறதோ அவர் கெட்டிக்காரர்.

குழுவில் இன்னும் இருவர். ஒருவர் மொபைலில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பெரிய சார். எங்கள் வேலை தெரிந்த ஒரே ஆள்.

"யார் முதல்ல?" என்றார் தலைவர்.

மாப்பிள்ளை எழுந்து நின்று கையை நீட்டி வழிவிட்டார். "லேடீஸ் ஃபர்ஸ்ட்."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. முதலில் ஓடுகிற புரோகிராம்தான் அத்தனை டேட்டாவையும் டிஸ்க்கிலிருந்து இழுத்து மெமரிக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவதாக வருகிறவருக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கும். ஒவ்வொரு தடவையும் மெஷினை அணைத்துப் போட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் அரிச்சுவடி. பெரிய சார்தான் எங்கள் இருவருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார்.

"சார், நடுவுல ஒரு தடவை சர்வரை அணைச்சுப் போடணும். இல்லேன்னா ரெண்டாவது ஓட்டுறவருக்குச் சாதகமாயிடும்" என்றேன்.

"அதுக்கெல்லாம் நேரமில்லம்மா. சாப்பாடு வந்தாச்சு" என்றார் தலைவர்.

ஓட்டினேன். என் புரோகிராம் டிஸ்க்கைப் பிறாண்டிப் பிறாண்டி எடுத்து முடிப்பதற்குள் கிரிக்கெட்காரர் இரண்டு கொட்டாவி விட்டார். பிறகு மாப்பிள்ளை ஓட்டினார். தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் முடிந்துவிட்டது. தலைவர் மேஜையைத் தட்டினார்.

"சார், இது நியாயமில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் பெருந்தன்மையாகச் சிரிக்காமல் இருந்தார். அவர் அறியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். அவர் முட்டாள் இல்லை.

பெரிய சாரைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க சார். மெஷினை அணைக்காம அளக்கலாமா?"

அவர் தட்டிலிருந்த பிஸ்கட்டையே பார்த்தார். "ரெண்டு பேருமே என் பிள்ளைங்க மாதிரி. நான் என்னத்தச் சொல்றது?"

இந்த மதில்மேல் பூனையை இத்தனை வருஷம் கும்பிட்டோமே என்று எனக்கு என் மேலேயே கேவலமாக இருந்தது. எழுந்து போனேன். சர்வரின் பிளக்கை, வீட்டில் மிக்சியைப் பிடுங்குவது போலப் பிடுங்கினேன். விசிறிச் சத்தம் நின்று அறை அமைதியானது.

"ஐயோ, டேட்டா போயிடும்!" என்றார் மாப்பிள்ளை.

"போகாது. திடீர்னு கரண்ட் போனாலும் டேட்டா சாகாம இருக்கிறதுக்கு நாம ரெண்டு பேரும் கட்டுரை எழுதியிருக்கோம். உங்க பேரும் அதுல இருக்கு. படிச்சுப் பாருங்க."

மறுபடி செருகினேன். சர்வர் எழுந்து வந்தது. நாற்காலியை அவர் பக்கம் திருப்பிவிட்டேன். "இந்தத் தடவை நீங்க முதல்ல."

கோட்டைச் சரி செய்துகொண்டார். கழுத்தைத் தடவினார். வேறு வழியில்லாமல் ஓட்டினார். ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கிரிக்கெட்காரர் மொபைலை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். பக்கத்து அறையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. முதலில் நான் எடுத்த நேரத்தைப்போல மூன்று மடங்கு தாண்டியும் சுற்றிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் நான் ஓட்டினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றக்கூட நேரமிருக்கவில்லை.

"அப்ப முதல்ல பாத்தது என்ன?" என்றார் தலைவர்.

"எங்க துறை காப்பி மெஷின்ல ரெண்டாவது கப் சார். முதல் ஆள் சூடாக்கிக் குடுத்தது."

பெரிய சாருக்கு அப்போதுதான் வாய் வந்தது. "நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

பதவி எனக்குத்தான் வந்தது. நாத்தனார் போன் பண்ணி, "ஏத்துற வேலையிலயே பிரமோஷனா அண்ணி?" என்று சந்தோஷப்பட்டாள். சத்தியமாக அது ஒன்றுதான் கள்ளமில்லாத வாழ்த்து. ஏனென்றால் நியமன உத்தரவில் ஒரு வரி இருந்தது: 'பெண்களை ஊக்குவிக்கும் பொருட்டு இப்பதவி வழங்கப்படுகிறது.' என் முறை வேகமானது என்று ஒரு வார்த்தை இல்லை. நாலு பேர் கண்ணால் பார்த்ததை எழுத ஒரு கைகூட எழும்பவில்லை. அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

பொறுப்பேற்ற அன்று காலை மெஷின் முன்னால் மாப்பிள்ளை நின்றிருந்தார். பின்னால் துறையே நின்றிருந்தது.

"வாழ்த்துகள் மேடம். இப்பல்லாம் எல்லாத்துலயும் லேடீஸ் ஃபர்ஸ்ட்தானே" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"சரியா சொன்னீங்க. இனிமே துறையில யாரு எதை எப்ப எடுக்கணும்னு நான்தான் சொல்லணுமாம். நீங்க எடுங்க."

"இல்ல, பரவாயில்ல மேடம்..."

"எடுங்க சார்."

எடுத்தார். அத்தனை பேர் பார்க்கிறார்களே, கீழே கொட்டவும் முடியாது. முகத்தைச் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு நான் என் கப்பை வைத்தேன்.