முள் முப்பதில் நின்றது

சிவப்புக் கார் ஆறு குதிரைத்திறன் கூடி வெளியே போன செவ்வாய்க்கிழமை, டியூனரின் மச்சானால் ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்க முடியவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்தான். டம்ளர் மேசையை விட்டு எழும்பவில்லை. அவன் அக்கா, டியூனரின் மனைவி, வந்து வாயில் ஊற்றினாள்.

கார் எஞ்சின்களுக்கு வேகம் கூட்டித் தரும் டியூனரின் பட்டறையில் தரைக்குள் பதித்த இரண்டு உருளைகள் இருந்தன. காரின் சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, நான்கு மூலையிலும் பட்டையால் இறுக்கி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டுவார்கள். கணினி அந்தப் பலத்தைக் கோடாக வரைந்து உச்சியில் குதிரைத்திறனை எழுதும். அறை சூடாக இருந்தால் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். அந்தக் குறைக்காக இயந்திரம் கொஞ்சம் கூட்டிப் போடும். அதற்குத்தான் சுவரில் முள் வைத்த வெப்பமானி. அதைப் பார்த்துச் சொல்வது மச்சானின் வேலை. அவன் முப்பது டிகிரி என்பான். டியூனர் கணினியில் நாற்பத்தைந்து என்று அடிப்பார். இருநூறு, இருநூற்றாறு ஆகும். வாடிக்கையாளர் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார். பத்து வருடம் அந்தப் பொய் காகிதத்தோடு நின்றது, யாரையும் கடிக்கவில்லை.

பதினோராம் வருடம் அது காருக்குள் போயிற்று. சிவப்புக் காரை வேறொரு பட்டறையில் சோதித்தார்கள், அங்கும் இருநூற்றாறு. செய்தி பரவி, தெருமுனைவரை கார்கள் நின்றன. மாதம் முடிவதற்குள் மச்சானுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கை வரவில்லை. டியூனருக்கு விஷயம் புரிய மூன்று கார் ஆயிற்று. நான்காவது காருக்கு அவரே வெப்பமானியைப் பார்த்து, நாற்பத்தைந்து அடித்துப் பார்த்தார். காகிதத்தில் கூடிற்று, காரில் கூடவில்லை; காரில் கூட, உள்ளதைச் சொல்ல இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. ஐந்தாவது காருக்கு மச்சானைத் தூக்கிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

“முப்பதுன்னா முப்பதுன்னே போடுங்களேன். எனக்கு இருக்கிறது ஒரே தம்பிங்க,” என்றாள் மனைவி.

“முப்பது போட்டா எவன்டி வருவான்? உன் தம்பி என்ன மூட்டையா தூக்கப் போறான்? வாய் அசைஞ்சா போதும்.”

அவள் தம்பியிடம் திரும்பினாள். “நீயாவது நாப்பத்தஞ்சுன்னு சொல்லித் தொலையேன்டா.”

“முள்ளு முப்பதுல நிக்குதேக்கா,” என்றான் அவன். பிறகு சிரித்தான். “விடு. நான் இங்கயே கெடந்தாலும் என் குதிரைங்க ஊர் சுத்துதுல்ல.”

அவன் கடைசியாகச் சொன்னதும் முப்பதுதான். உதடு மட்டும் அசைந்தது. டியூனர் குனிந்து கேட்டுக்கொண்டு நாற்பத்தைந்து அடித்தார். வெள்ளை வேனுக்கு ஆறு கூடிற்று. வேன்காரர் கிளம்பும்போது நாற்காலியைப் பார்த்து, “தூங்குறாரா?” என்றார்.

“ஆமா,” என்றார் டியூனர்.

பதினேழாம் நாள் அவள் பட்டறைக்கு வந்து தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்காமலே ஆள் கிடைத்த நிம்மதியில் டியூனர் வேலையைத் தொடங்கினார். முள் முப்பதில் நின்றது.

“நாப்பத்தஞ்சு,” என்றாள்.

“அடேயப்பா, வெயில்கூட நம்ம பக்கம் வந்துடுச்சு,” என்று சொல்லி, தொழில் தொடங்கிய பிறகு முதல் தடவையாக, காதில் விழுந்ததை அப்படியே அடித்தார். கறுப்புக் காருக்கு ஆறு கூடிற்று.

அன்று மாலை அவரால் டம்ளரைத் தூக்க முடியவில்லை. அவள் வாயில் ஊற்றினாள். காலையில் கைத்தாங்கலாக அழைத்துப்போய், கணினி முன் உட்காரவைத்து, அவர் விரலை எடுத்து நான்கின்மேல் வைத்தாள். தெருமுனைவரை கார்கள் நின்றன.