இறால் மருந்து

றிப்னாஸ் மாட்டிக்கொள்ளப் பார்த்த றப்பர் கையுறையை நெய்னார் தட்டிவிட்டார்.

"சொந்த வாப்பாவக் குளிப்பாட்ட றப்பர் கையா? இறால் அள்ளவாடா போறாய்?"

திரைக்கு இப்பால், சமையலறை யன்னலடியில் நின்ற கமறியாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. நெய்னார் அவளுடைய கணவனின் தமையன்; இறந்தவர்களின் மையித்தைக் குளிப்பாட்டுவதில் ஊருக்கே அவர்தான் ஆள். பலகையில் கிடந்தவன் அவள் கணவன் ஹாசிம். றிப்னாஸ் மகன், இருபத்தாறு வயது. அவனுடைய வலது பெருவிரலில், இறாலின் கொம்பு கிழித்த காயம் வியாழக்கிழமையிலிருந்து ஆறாமல் இருந்தது.

"ஆஸ்பத்திரியில செல்லித்தான் தந்த, பெரியப்பா."

"அவங்க ஆயிரம் செல்லுவாங்க. நாப்பது வருசமா வெறுங்கையாலதான் கழுவுறேன். எனக்கென்ன, கொம்பா முளைச்சிரிக்கி?"

"மச்சான், அவன் போட்டுக்கொள்ளட்டும்" என்றாள் கமறியா.

கணவனை இழந்து இத்தா இருக்க வேண்டியவள் ஆண்கள் நிற்கும் முற்றத்தை நோக்கிக் குரலெழுப்புவது முறையன்று. பிறகு தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது. கையுறை போடப்பட்டதா, இல்லையா என்பதை அந்த ஓசையிலிருந்து அறிய முடியவில்லை.

வேலிக்கு அப்பால், இறால் பண்ணையின் பம்பு கடலோரக் களப்பு நீரை இறைத்துக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடம் அதை இயக்கியவன் ஹாசிம். இன்று வேறொருவன்.

ஆஸ்பத்திரி வாட்டில் ஹாசிமைப் பார்த்த பெண் டொக்டரும் பம்பு என்ற சொல்லைத்தான் பாவித்தார். ஹாசிமின் பாதத்தில் சிப்பி வெட்டிய காயம் முழங்கால்வரை கறுத்து, மூன்றாவது மருந்தும் பலிக்காமற்போன அன்று அது.

"இந்தக் கிருமியின்ட சுவரில ஒரு புரதம் இருக்கு. பம்பு மாதிரி. நாங்க ஏத்துற மருந்தை வெளிய இறைச்சிடுது. கொஞ்சங் கொஞ்சமா அடிக்கடி மருந்து பட்டா, பம்பு கூடின கிருமிதான் மிஞ்சும். வீட்டில முந்தி ஏதும் மருந்து பாவிச்சீங்களா?"

"இல்லை, டொக்டர்."

அலுமாரியின் கீழ்த்தட்டில், ஒரு பால்மாப் பேணிக்குள், இறாலுக்கு நோய் வராமல் தீனியில் கலக்கும் மஞ்சள் நிற மருந்துத் தூள் இருந்தது. வீட்டில் யாருக்குக் கீறல் பட்டாலும் கமறியா அதைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவாள். இரண்டு நாளில் காயம் காய்ந்துவிடும்; ஆகையால் மூன்றாம் நாள் பூசுவதில்லை. ஹாசிமின் பாதத்தில் பூசியதும் அவள் கைதான். பண்ணையிலிருந்து மருந்து எடுத்தது தெரிந்தால் அவனுடைய வேலை போய்விடும் என்றுதான் டொக்டரிடம் இல்லையென்றாள். அப்போது அவளுக்கு இருந்தது அந்தப் பயம் மட்டுமே.

வியாழக்கிழமை றிப்னாஸின் விரலிலும் அவள்தான் பூசியிருந்தாள்.

அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்தார்கள். அயலவர் கொடுத்த பிளேன்டீயைக் குடிக்காமல் கையில் வைத்தபடி கமறியா உள்ளறையில் இருந்தாள். றிப்னாஸ் கால்களில் கபுறு மண்ணோடு வந்து நிலத்தில் அமர்ந்தான்.

"கையுறை போட்டியா, மவன்?"

"ஒரு கையில போட்டேன். பெரியப்பா பாத்துக்கொண்டே இருந்தாரு."

"எந்தக் கையில?"

அவன் இடது கையைக் காட்டிவிட்டு, வலது கையைச் சாரத்தின் மடிப்புக்குள் ஒதுக்கினான்.

"நோகுதா?"

"கொஞ்சம் வீங்கியிரிக்கி. அந்த மஞ்சள் மருந்தத் தாங்க, உம்மா."

அலுமாரி கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் எழவில்லை.

"அது வாணாம்."

"முடிஞ்சிட்டா?"

"முடியல்ல. நீ இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த டொக்டரிட்டயே விரலக் காட்டு. எங்கட வீட்டில இறால் மருந்துதான் பூசுறதெண்டு செல்லு. வாப்பாவுக்கும் பூசினதெண்டு செல்லு."

றிப்னாஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க இல்லையெண்டுதானே செல்லின?"

"ஓம்."

வெளியே நெய்னார் யாருக்கோ கபுறின் ஆழத்தை விளக்கிக்கொண்டிருந்தார். றிப்னாஸ் எழவில்லை.

அவள் கோப்பையை வைத்துவிட்டு அவனுடைய நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். பிளேன்டீயைப் பிடித்திருந்த கை. சூடு எதனுடையது என்று பிரித்தறிய முடியவில்லை. குடத்து நீரில் கையை நனைத்தாள். முந்தானையில் ஈரம் போகத் துடைத்தாள். மறுபடி வைத்தாள். குளிர்ந்த கையிலும் சூடு ஏறியது.

இம்முறை எடுக்கவில்லை.