பகலில் மேலே, தூங்கக் கீழே

திருச்செங்கோட்டில் சென்னியப்பனின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து இருநூறு மீட்டர். அதே கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கு அந்த உயரம் கிடையாது. எல்லா ஊரிலும் இரண்டாவது மாடி எவ்வளவோ அவ்வளவுதான்.

போர்வெல் வண்டியோடு ஒன்பது வருஷம் ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று பூமியைக் குடைந்துகொண்டிருந்த மனிதர் அவர். வருஷத்துக்கு நாலு நாள் ஊருக்கு வருவார். அதில் இரண்டு நாள் கல்யாண வீடுகளில் போய்விடும். இனி போவதில்லை என்று பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்திருந்தார். இருபது அடிக்கு ஒரு பைப் என்பதுதான் அவருக்குத் தெரிந்த அளவு. படியடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். அறுநூற்று எண்பத்தொன்பது பைப். கீழ்நோக்கி என்றாலாவது ஒரு கை பார்த்திருப்பார்.

பதினெட்டுப் படி ஏற மூன்று மணி நேரம் ஆனது. பாதி வழியில் யாருடைய பால் பாக்கெட்டோ உறைந்து கிடந்தது.

மனைவி கோகிலா கதவைத் திறந்தாள். ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அவர் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினாள்.

"அறுபத்தெட்டுங்க."

"உள்ள வரலாமா?"

"வரலாமுங்க. தூங்கத்தான் முடியாது. தொண்ணூறு வந்தா ராத்திரி தங்கலாம்."

"யார் சொன்னது?"

"உங்களுக்குத் தலை வலிக்குதுங்களா?"

வலித்தது.

"அதுதான் சொன்னது."

பகலில் மேலே வந்து இருக்க வேண்டும், தூங்கக் கீழே போய்விட வேண்டும். உடம்பு உயரத்துக்குப் பழக அது ஒன்றுதான் வழியாம். மலையேறுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் என்றாள் கோகிலா. சொந்த வீட்டுக்கு ஏறுகிறவர்களும் செய்வார்களா என்று கேட்க நினைத்தார். மூச்சு போதவில்லை.

இரண்டாவது மாடியில் நாச்சிமுத்து என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஹாலில் பாய் விரித்துக் கொடுத்தார்.

"இது உங்க வீடுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"இல்லீங்க. என்ர வீடு அஞ்சாவது மாடி."

"எத்தனை நாளா இங்க இருக்கறீங்க?"

"பதினாலு வருசமுங்க. இன்னைக்கு எம்பது காட்டுச்சு. தண்ணி நெறையாக் குடிங்க."

கட்டடத்துக்கு மொத்தமே நாலு மாடிதான். சென்னியப்பன் அதைச் சொல்லவில்லை. வந்த இடத்தில் எதற்கு வம்பு.

மறுநாளிலிருந்து ஏறுவதும் இறங்குவதுமே அவர் பிழைப்பாகிவிட்டது. மேலே போய்ச் சோபாவின் நுனியில் உட்காருவார். மகள் தாரணி எதிரில் படித்துக்கொண்டிருப்பாள், பதினாறு வயது. அம்மாவும் மகளும் பாதிப் பேச்சிலேயே சிரித்துவிடுவார்கள். மீதிப் பாதி அந்தக் காற்றில் அவர் காதுவரை வந்து சேராது. தண்ணீர் அங்கே சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அரிசி வேகாது. அந்த நறுக்கரிசிச் சோற்றை இருவரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். அவரும் ருசிப்பதாகக் காட்டிக்கொண்டார்.

நாலு மணிக்குக் கோகிலா கடிகாரத்தைப் பார்ப்பாள். அவர் எழுந்துகொள்வார். பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு விருந்தாளி மாதிரி இறங்குவது வெட்கமாக இருந்தது. ராஜஸ்தான் பாலைவனத்தில்கூட அவர் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

எண் ஏறியது. எழுபத்தொன்று. எழுபத்தாறு. எண்பத்துமூன்று. பதினேழாம் நாள் இருபது நிமிஷத்தில் ஏறிவிட்டார். தலைவலி இல்லை. சோறு நிஜமாகவே ருசித்தது. சாப்பிட்டு முடித்ததும் கோகிலா மகளிடம் சொன்னதில் கடைசிப் பாதிகூட அவருக்குக் கேட்டது.

"மூச்சு முட்டுது, ஜன்னலைத் தொற சாமி."

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. தாரணி ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. சென்னியப்பன் கிளிப்பை எடுத்து மகளின் விரலில் மாட்டினார். எழுபத்துநாலு.

"எப்பவும் இப்படித்தானா கண்ணு?"

"இல்லீங்கப்பா. உங்களுக்கு ஒண்ணு ஏறுனா எங்களுக்கு ஒண்ணு எறங்குது. அம்மாவுக்கு எழுபது."

"ஏஞ் சொல்லல?"

"நீங்க ஆசையா வர்றீங்க."

அவர் கிளிப்பைத் தன் விரலில் மாட்டி, மறு கையால் மறைத்துப் பார்த்தார். தொண்ணூற்றொன்று.

"எத்தனைங்க?" என்றாள் கோகிலா. சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கட்டிலில் மூன்றாவதாக ஒரு தலையணை கிடந்தது. புது உறை போட்டிருந்தாள்.

அவர் கிளிப்பைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அறுபத்தஞ்சு" என்றார். "தலையும் வலிக்குது."

"அவசரமில்லீங்க. மெல்லப் பழகிக்கலாம்."

"ஆமா. மெல்ல."

மணி இரண்டுதான் ஆகியிருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். நாலைந்து படி இறங்கியிருப்பார். மேலே ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.