பெயர் சொல்லி அழைத்தவள்

லாரியிலிருந்து விழுந்த நாள் முதல் சுமைதூக்கும் தொழிலாளி சின்னப்பையன் கண் திறக்கவில்லை. காதில் ஏதாவது விழுகிறதா என்று அறிய, ஆஸ்பத்திரி டெக்னீஷியன் ஜெனி அவன் தலையில் வயர்களை ஒட்டினாள். மூளையின் மின்னோட்டம் திரையில் கோடுகளாக ஓடியது.

“பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா. தெரிஞ்ச குரல்ல சொந்தப் பேரைக் கேட்டா கோடு மாறலாம்.”

அவன் மனைவி வேம்பு திகைத்தாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பி, இதுவரை அதை உச்சரிக்காதவள் அவள்.

“இப்பிடிப் படுத்துகினு கீற நேரத்துலயா அத்தச் சொல்லச் சொல்ற?”

“வேற வழி தெரியலக்கா.”

வேம்பு மாரியாத்தாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

“சின்னப்பையன்...”

கோடு மாறவில்லை.

“யோவ், இன்னாயா! பேரையே சொல்லிட்டேன், கோவமாச்சும் படுயா!”

அப்போதும் மாறவில்லை. வேம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாதி உயிர் இருந்துச்சு. அதையும் நானே எடுத்துட்டேனாம்மா?”

“இல்லக்கா. கோடு மாறலன்னா அவருக்குக் கேக்கலன்னு அர்த்தமில்ல. எங்களுக்குத் தெரியல, அவ்ளோதான்.”

பரிசோதனை முடிந்துவிட்டது. வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார். ஆனாலும் ஜெனி வயர்களை உடனே கழற்றவில்லை. தன் ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள்.

“உக்காந்து பேசுங்கக்கா. நீங்க எப்பவும் கூப்பிடற மாதிரியே கூப்பிடுங்க.”