சாவிக்கு மாறிய பேட்டரி

குப்புராஜுக்குக் கார் வாங்கிய சந்தோஷத்தைவிட, காரோடு வந்த சாவியின்மேல்தான் பிரியம் அதிகம். ஆரணியில் கார் வைத்திருந்த பட்டு வியாபாரிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பத்தடி தள்ளி நின்று பொத்தானை அமுக்கினால் ‘குய்ங் குய்ங்’ என்று குரல் கொடுத்துத் தானே பூட்டிக்கொள்ளும் கார் அவர் தெருவில் அது ஒன்றுதான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்? டீக்கடையில் இறங்கினால் ஒரு குய்ங். டீ பாதியில் இருக்கும்போது, பூட்டினோமா இல்லையா என்று இன்னொரு குய்ங். யாராவது தெரிந்தவர் எதிரே வந்தால் காரணமே இல்லாமல் ஒரு குய்ங். பாவம், அந்தச் சின்ன பேட்டரி எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்?

அது உயிரை விட்ட இடம் களம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசல். சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மனுஷன் அமுக்குகிறார், உதறுகிறார், கார்க் கண்ணாடியோடு ஒட்டிவைத்து அமுக்குகிறார். ஊஹூம். கடைசியில் சாவியைக் கதவுத் துவாரத்தில் விட்டுத் திருகிப் பூட்டினார். “இன்னா மாமா, வண்டிக்குத் தொண்ட கட்டிகிச்சா?” என்று பெண் வீட்டுப் பையன் ஒருவன் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். குப்புராஜுக்குப் பந்தியில் பாயசம் இறங்கவில்லை.

மறுநாள் காலை பஜாரில் வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் சாவியை நெம்பித் திறந்து, காசு மாதிரி வட்டமாக இருந்த பேட்டரியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இந்த சைஸு என்கிட்ட இல்லீங்க. வேலூர்லருந்து வரணும். நாளைக்கு வாங்க.”

நாளைக்கா? இன்றைக்கே வேலூரிலிருந்து ஒரு பெரிய கல்யாணப் பார்ட்டி ஜவுளி எடுக்க வருகிறது. அவர்கள் எதிரில் சாவியைத் திருகிக்கொண்டு நிற்பதா?

தன் பட்டுக்கடைக்கு வந்து உட்கார்ந்தவரின் கண்ணில் தராசு பட்டது. மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தராசு. சாப்பாட்டுத் தட்டு மாதிரி தட்டையாக இருக்கும், எடையை எண்ணில் காட்டும். பித்தளைத் தராசைப் பின்னறைக்குத் துரத்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. புரட்டிப் பார்த்தார். அதே பேட்டரி! நாணயத்தின் விளிம்பால் மூடியைத் திறந்தார். தராசின் பேட்டரி சாவிக்குள் போனது. பழையதைத் தூக்கிப் போட மனசு வருமா? அதைத் தராசுக்குள் போட்டார். எண் எரிந்தது. “எரியுதே, அப்பறம் இன்னா?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போய் ஒரு குய்ங் போட்டுவிட்டு வந்தார்.

தறிக்காரர்களுக்குப் பட்டு நூலை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். நெய்துகொண்டு வரும் புடவையையும் மிச்ச நூலையும் சேர்த்து நிறுத்துத்தான் வாங்குவார்கள். இரண்டும் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் நூலைத் திருடிவிட்டதாக அர்த்தம். அதைவிடக் கேவலமான பேர் ஒரு தறிக்காரருக்கு வேறு கிடையாது.

வேலூர்க்காரர்கள் பாயில் உட்கார்ந்து புடவைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கன்னியம்மாள் வந்தாள். குப்புராஜின் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடைக்கு நெய்பவள். மாம்பழ நிறப் புடவையையும் மிச்ச நூலையும் தராசில் வைத்தாள். எடை குறைந்தது. குப்புராஜ் எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். இன்னும் குறைந்தது.

“இன்னா கன்னிம்மா, நூல் எங்க போச்சு?”

“இன்னாங்க சொல்றீங்க? குடுத்த நூல் பூரா பொடவையிலதான கீது. மீந்தது இதோ.”

“அப்ப தராசு பொய் சொல்லுதா?” வேலூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்றதும் குப்புராஜின் குரல் ஏறியது. “பைய கவுத்துக் காட்டு.”

எடை போடக் காத்திருந்த தறிக்காரர்கள் கிட்டே வந்து நின்றார்கள். கன்னியம்மாள் பையைக் கவிழ்த்தாள். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, மகளுக்கு வாங்கிய இருமல் மருந்து, பாதி தின்று சுற்றிவைத்த வாழைப்பழம். ஒரு இழை பட்டு இல்லை.

அப்போதுதான் குப்புராஜ் தராசைப் பார்த்தார். எண்கள் நடுங்கின, மங்கின, மறைந்தன. அந்த இடத்தில் ‘லோ’ என்று இரண்டே இரண்டு இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றது. ‘இப்புடி வந்தா பேட்டரி தீந்துபோச்சுன்னு அர்த்தம் மாமா, எடைய நம்பாதீங்க’ என்று மருமகன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

தப்பு தராசில்தான் என்று மனுஷனுக்குப் புரிந்துபோயிற்று. அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். சொன்னாரா? கையருகே கிடந்த இன்னொரு புடவையை இழுத்துத் தராசின்மேல் போட்டு மூடினார். மூடிவிட்டுச் சொன்னதுதான் இன்னும் மோசம்.

“சரி, எல்லாத்தையும் எடுத்துக்கோ. ரொம்ப நாள் பழகின மனுசி. இந்த ஒரு தடவ மன்னிச்சுடறேன்.”

“எவ்ளோ பெரிய மனசுங்க உங்களுக்கு!” என்றாள் வேலூரிலிருந்து வந்திருந்த அம்மாள் ஒருத்தி. “வேற எடமா இருந்தா போலீசுக்குப் போயிருப்பாங்க.”

கன்னியம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வாழைப்பழத்தைக்கூட விடவில்லை. புடவையையும் நூலையும் அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

பார்ட்டி கிளம்பியதும் குப்புராஜ் பின்னறைக்குப் போய்ப் பித்தளைத் தராசைத் தூசு தட்டி எடுத்தார். மாம்பழ நிறப் புடவையையும் மிச்ச நூலையும் நிறுத்தார். எடை சரியாக இருந்தது. அப்படியே கல்லாவில் வந்து உட்கார்ந்தார். பெரிய மனசு, பெரிய மனசு என்று அந்த அம்மாளின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டில் மனைவி சுபலட்சுமியிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவள் சாப்பாட்டுக்குப் போட்டிருந்த இலையை எடுத்து மடித்துவிட்டாள்.

“மொதல்ல அவகிட்ட போய் சொல்லிட்டு வாங்க. சோறு எங்கியும் ஓடிப்போவாது.”

கன்னியம்மாள் தெருவில் காரை நிறுத்தி இறங்கினார். பாழாய்ப்போன பழக்கம், விரல் தானாகப் பொத்தானை அமுக்கிவிட்டது. குய்ங் குய்ங்! தெருவே திரும்பிப் பார்த்தது. அவருக்கு அந்தச் சாவியைச் சாக்கடையில் வீசலாம் போலிருந்தது.

கன்னியம்மாள் தறியிலிருந்து எழுந்து வந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். பேட்டரியை மாற்றியது, எடை குறைந்தது, புடவையைப் போட்டு மூடியது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப, பேட்டரி தீந்துபோச்சுன்னு உங்களுக்குத் தெரியும்.”

“ஆமா.”

“தெரிஞ்சப்பறந்தான் மன்னிச்சேன்னு சொன்னீங்களா?”

“ஆமாம்மா.”

“எதங்க மன்னிச்சீங்க?”

குப்புராஜ் கார் சாவியைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

“இத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தறிச் சத்தம் மறுபடி கேட்டது.

அடுத்தமுறை புடவை வாங்கும் நாளில், கூடியிருந்த தறிக்காரர்கள் முன்னால் குப்புராஜ் எழுந்து நின்று சொன்னார். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். தப்பு என்னுது, கன்னியம்மா மேல ஒரு குத்தமும் இல்ல என்றார். ஆனால் வேலூர்க்காரர்கள் அங்கே இல்லையே! எந்தக் கல்யாண வீட்டில் உட்கார்ந்து ‘ஆரணியில ஒரு நூல் திருடி’ என்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ? அதற்கு அவர் எங்கே போய் யாரிடம் சொல்வது?

கன்னியம்மாளின் முறை வந்தது. புடவையை எடுக்குமுன், யாரும் கேட்காமலே, பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினாள்.

குப்புராஜ் பதறிப்போனார். “ஐயோ, வேணாம் கன்னிம்மா! இப்ப பித்தளத் தராசுதான் வச்சிருக்கேன், பாரு.”

“இருக்கட்டுங்க மொதலாளி” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். “தராசு மாறிச்சு. நிறுக்கற ஆளு அதே ஆளுதான?”

டிபன் பாக்ஸின் மூடி உருண்டு வந்து அவர் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தார் குப்புராஜ். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.